பழைய வார்ப்பிரும்புக் குழாயில் புது ஷவர் வடிகால்: சில மாரி கழிந்த பிறகு

எங்கள் வீடு திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம். அம்மாவுக்கு முழங்கால் நோவு கூடியதால் குளிக்கிற இடத்தைச் சுற்றியிருந்த கட்டை இடித்து, தரையைச் சமமாக்கி, ஷவருக்குப் புது வடிகால் வைத்தோம். அதன்பிறகு சில மாரி கழிந்துவிட்டது. பக்கத்துச் சுவரில் ஈரம் ஏறவில்லை, டைல்ஸ் ஒன்றும் கிளம்பவில்லை. இந்தப் பலனை நான் மேலே தெரிகிற பளபளப்பான வடிகாலுக்குக் கொடுக்கமாட்டேன். தரைக்குக் கீழே அதுவும் பழைய குழாயும் சேருகிற ஒரு சாண் நீளத்துக்குத்தான் கொடுப்பேன்.

பழைய குழாய் வார்ப்பிரும்பு. வெட்டிப் பார்த்தால் துருவும் சவர்க்கார அழுக்கும் இறுகி, இரண்டு அங்குலக் குழாயில் பெருவிரல் போகிற அளவுக்குத்தான் வழி மிஞ்சியிருந்தது. முழுவதையும் மாற்றலாமா என்று மேசன் அண்ணனிடம் கேட்டேன். "அத்திவாரத்துக்குள்ளால போகுது தம்பி, இழுத்தா சுவர் வெடிக்கும். நல்ல இரும்பு வாற இடம் வரைக்கும் வெட்டுவம், மிச்சத்தைச் சுரண்டி எடுப்பம்" என்றார். வெளியே கல்லியிலிருந்து (கழிவுநீர் வந்து விழுகிற சின்னத் தொட்டி) கம்பி விட்டுச் சுரண்டவே ஒரு பகல் போனது. அந்தப் பகல் வீண் இல்லை. புது வடிகால் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடைத்த குழாய்க்குள் தண்ணீர் போகாது.

பல வீடுகளில் எஸ்லோன் (பி.வி.சி) பைப்பை இரும்புக்குள் செருகி, சுற்றிச் சீமெந்து பூசி மூடிவிடுகிறார்கள். பி.வி.சி ஒட்டுகிற பசை இரும்பில் ஒட்டாது. சூட்டுக்கு பி.வி.சி இரும்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு நீளும். சீமெந்து அதற்கு வளைந்து கொடுக்காமல் வெடிக்கும். நாங்கள் போட்டது இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத கிளிப் உள்ள ரப்பர் கப்ளிங், அதாவது இரண்டு குழாயின் நுனியையும் மூடிப் பிடிக்கிற ரப்பர் உறை. அதற்கு வெளிவிட்டம் சரியாகத் தெரியவேண்டும். இரும்பைச் சுற்றி நூலைப் பிடித்து, நீளத்தை 3.14ஆல் பிரித்தோம், 60 மில்லிமீற்றர் வந்தது. புதுப் பைப் 63. இந்த மூன்று மில்லிமீற்றரை ரப்பர் தாங்கும். வெட்டிய விளிம்பையும் வெளிப்புறத் துருவையும் கிரைண்டரால் மழமழவென்று ஆக்கிய பிறகுதான் அண்ணன் ரப்பரைத் தொட்டார். கிளிப்பை முறுக்கி, அடுத்த நாள் திரும்பவும் முறுக்கினார்.

பழைய அமைப்பில் உள்ளே ட்ரப்பே (தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தை மறிக்கிற பகுதி) இல்லை. கல்லியிலிருந்து கரப்பானும் நாற்றமும் நேரே குளியலறைக்குத்தான். இப்போது 50 மில்லிமீற்றர் தண்ணீர் நிற்கிற ட்ரப் இருக்கிறது. உள்கிண்ணத்தை மேலாலேயே கழற்றி முடியை எடுத்துவிடலாம். கழற்ற முடியாத ட்ரப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தரைக்குச் சரிவு அடிக்குக் கால் அங்குலம். டைல்ஸ் ஒட்டுமுன் நீர்த்தடுப்புப் பூச்சை வடிகாலின் விளிம்புக்கு மேலே வரை இழுத்து, வாயை அடைத்து, தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் விட்டோம். வேலையாட்கள் அவசரப்படுவார்கள், இதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. வடிகாலின் மேலுள்ள கிறேட்டிங் (ஓட்டை மூடி) 304 ரக எவர்சில்வர். கடல்காற்றில் தேநீர்க் கறை மாதிரிப் புள்ளிகள் வந்துவிட்டன. கழிவறை கழுவுகிற அசிட் பட்ட இடத்தில் இன்னும் மோசம். கடலோரத்துக்கு 316 ரகம்தான் சரி. உப்பைத் தாங்க அதில் மொலிப்டினம் சேர்க்கிறார்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் ட்ரப் வற்றி நாற்றம் வரும். போகுமுன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுகிறோம்; ஆவியாவது குறைகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீர் மெல்லத்தான் இறங்கும். நிலத்தடி நீர் மேலே வந்து, கழிவுநீர் மண்ணுக்குள் இறங்குகிற ஊறல் குழி நிரம்புவதுதான் காரணம், வடிகாலை மாற்றினாலும் அது தீராது.

இவ்வளவும் நிலமட்டத்துக் குளியலறைக்கு. மேல்மாடி என்றால் பழைய இரும்பில் ஒட்டுப் போடாமல் குழாயை முழுவதும் மாற்றுங்கள். கொங்கிறீற்றுக்குள் புதைந்த இணைப்பை, கீழ்வீட்டுக் கூரையை உடைக்காமல் பிறகு தொடவே முடியாது.