பி.எம். வித்யாலட்சுமி கல்விக்கடன் தளம்: தங்கச்சிமடத்திலிருந்து விண்ணப்பித்தால்

சேர்ந்த கல்லூரி இந்தத் திட்டத்தின் பட்டியலில் இருந்தால் இந்தத் தளத்துக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண். இல்லையென்றால் இந்தத் தளத்தில் உட்கார்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. அடமானமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். 7.5 லட்சம் வரையான கடனில் 75 சதவீதத்துக்கு அரசே வங்கிக்கு உத்தரவாதம் தருகிறது. ஆனால் தேசியத் தரவரிசையை வைத்து எடுத்த கல்லூரிகளுக்கு மட்டும்தான், தொடக்கத்தில் 860. ஆகவே கணக்குத் திறக்குமுன் கல்லூரிப் பெயரைத் தேடிப் பாருங்கள். காணவில்லையா, நேராக வங்கிக்குப் போய் சாதாரணக் கல்விக்கடன் கேளுங்கள். அதில் 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் 5 சதவீதம் நம் பங்கு. வீடு இந்தக் கிளையின் எல்லைக்குள் வரவில்லை என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. இதைச் சொன்னாலே பல மேசைகளில் பேச்சு மாறும்.

வட்டிதான் கவனிக்க வேண்டிய இடம். வருஷம் 1 லட்சம் வீதம் நாலு வருஷம், 10 சதவீத வட்டி என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை இல்லை, வட்டி மட்டும் ஏறும். தவணை தொடங்கும்போது 4 லட்சம் 5.4 லட்சமாக நிற்கும். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,140 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து 3 சதவீத மானியம் கிடைத்தால், அந்த 1.4 லட்சத்தில் 42,000 குறையும். வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், தொழிற்படிப்புகளுக்குத் தவணை தொடங்கும் வரை ஏறும் வட்டி முழுவதையும் ஏற்கும் தனி மானியம் உண்டு. முதலில் அதைக் கேளுங்கள். வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறவருக்கு 3 சதவீதம் கிடையாது. எது லாபம் என்று கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவருக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 வருகிறது. மானியம் இல்லாவிட்டாலும் முதல் வருஷத்து வட்டி மாதம் 833தான். அந்த ஆயிரத்தை அப்படியே கடன் கணக்கில் போட்டால் அந்த வருஷம் வட்டி சேராது. பொறியியலுக்கு அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவருக்குக் கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது. அவருக்கு இந்தக் கடன் பேச்சே எதற்கு?

தங்கச்சிமடம் ராமேஸ்வரம் தீவில் உள்ள மீனவர் ஊர், நம்ம பக்கத்துச் சிக்கல்கள் வேறு. அப்பாவின் ஆதாரோடு இணைந்த போன் படகில் இருக்கும், நடுக்கடலில் டவர் கிடைக்காது, ஓ.டி.பி. காலாவதியாகிவிடும். பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகின்றன. எனவே செவ்வாய், வியாழன் முற்பகலில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் கையெழுத்து, ஓ.டி.பி. இரண்டையும் முடித்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் ஆள் கரையில் இருப்பார். வருமானச் சான்று, பழைய நகைக்கடன், குழுக்கடன் பாக்கி எல்லாவற்றையும் அப்போதே சரிசெய்வது நல்லது. பெற்றோர் கூட்டுக் கடனாளி என்பதால் அவர்களின் பாக்கியையும் வங்கி பார்க்கும்.

அடுத்தது இனிஷியல். ஆதாரில் முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒத்துப் போகாமல் பல விண்ணப்பங்கள் நின்றுவிடுகின்றன. இ-சேவையில் ஆதாரைத் திருத்திய பிறகு தளத்துக்கு வாருங்கள்.

கடன் ஒப்புதலானதும் பணம் கைக்கு வராது, கல்லூரிக் கணக்குக்குத்தான் போகும். அதனால் எல்லா வருஷத்துக்குமான கட்டண விவரத்தை விடுதி, மெஸ் உட்பட கல்லூரியிடம் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். லேப்டாப் வேண்டுமானால் கடையின் கொட்டேஷனையும் முதல் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.