செம்மறி ரத்தம் என்ற பெயரில் மனித ரத்தம்: சென்னை மைக்ரோபயாலஜி லேப்கள் கவனிக்க

கிருமி வளர்க்கும் ரத்தம் கலந்த ஜெல்லித் தட்டை, அதாவது பிளட் அகர் தட்டைச் சொந்தமாக ஊற்றும் லேப்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். ‘டீஃபைப்ரினேட்டட் செம்மறி ரத்தம்’ (உறைய வைக்கும் ஃபைப்ரினை எடுத்துவிட்ட ரத்தம்) என்று லேபிள் ஒட்டி எங்கள் லேபுக்கு வந்த 100 மில்லி பாட்டில்களில் இருந்தது மனித ரத்தம். கூடவே ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட்டும் இருந்தது. ரத்த வங்கியில் கழித்த பைகளிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

செங்குன்றம் தாண்டி சொந்தப் பண்ணை இருப்பதாகச் சொன்ன சப்ளையர். ஆரம்ப லாட்கள் நன்றாகவே இருந்தன. பக்ரீத் நெருங்கி ஆட்டு விலை ஏறியதும் சரக்கு மாறிவிட்டது.

காட்டிக்கொடுத்தது கன்ட்ரோல் தட்டு, அதாவது தெரிந்த கிருமியைப் போட்டுத் தரம் பார்க்கும் தட்டு. தொண்டைப் புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் கிருமியின் தரச் சோதனை ரகமான ஏடிசிசி 19615, ஒரு ராத்திரி இன்குபேட்டரில் இருந்தால் காலனியைச் சுற்றித் தெளிவான வளையம் விட வேண்டும். இதில் பச்சை படிந்த மங்கல் மட்டுமே. ரத்தப் பையில் இருக்கும் டெக்ஸ்ட்ரோஸைக் கிருமி அமிலமாக்கினால் பீட்டா ஹீமாலிசிஸ் (சிவப்பணு முழுசாக உடைந்து வரும் அந்தத் தெளிவான வளையம்) இப்படித்தான் மறையும். ரத்தம் கொடுத்தவர் உடம்பில் இந்தக் கிருமிக்கு எதிரான ஏஎஸ்ஓ ஆன்டிபாடி இருந்தால், அதுவும் சிவப்பணுவை உடைக்கும் ஸ்ட்ரெப்டோலைசின் நச்சைக் கட்டிப்போடும். இந்தத் தட்டில் ஒரு குழந்தையின் தொண்டை ஸ்வாபைப் போட்டால் ‘நார்மல் ஃப்ளோரா’ (வழக்கமாக இருக்கும் கிருமிகள்தான்) என்று ரிப்போர்ட் போய்விடும். பென்சிலின் கிடைக்காமல் போகும் அந்தக் குழந்தைக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டால் யார் பொறுப்பு? தட்டு ஊற்றும் டெக்னீஷியனுக்கோ ஹெபடைடிஸ் பி, எச்ஐவி அபாயம்.

அகரில் கலப்பதற்கு முன்பே பிடித்துவிடலாம், செலவே இல்லை. பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து ஒரு ஸ்மியர் (கண்ணாடியில் தீட்டிய மெல்லிய படலம்), பக்கத்தில் சிபிசி எனும் ரத்த அணு எண்ணிக்கைச் சோதனைக்கு வந்த நார்மல் மனித சாம்பிளில் ஒரு ஸ்மியர், இரண்டையும் மைக்ராஸ்கோப்பின் ஆயில் இம்மெர்ஷன் லென்ஸில் பாருங்கள். மனித சிவப்பணு 7 மைக்ரானுக்கு மேல், செம்மறி சுமார் 4.5, வெள்ளாடு 3 சொச்சம். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். செல் கவுன்டரை நம்பாதீர்கள். மனித செட்டிங்கில் ஆட்டு அணுக்களைப் பிளேட்லெட் கணக்கில் சேர்த்துவிடும். சந்தேகம் வந்தால் சலைனில் மூன்று முறை கழுவிய செல்லில் ஒரு சொட்டு ஆன்டி-டி (ஆர்எச் ரத்த வகை பார்க்கும் திரவம்) விடுங்கள். ஆட்டு அணுவில் டி ஆன்டிஜென் கிடையாது, கட்டி கட்டினால் மனித ரத்தம்தான்.

சிட்ரேட் இருக்கிறதா என்று பார்க்க ஏபிடிடி (ரத்தம் உறையும் நேரச் சோதனை) கிட்டில் வரும் 0.025 மோலார் கால்சியம் குளோரைடு போதும். மேலே தெளிந்த நீரில் 0.2 மில்லி, கால்சியம் 0.2 மில்லி, 37 டிகிரி. ஃபைப்ரின் இழை வந்தால் அது சிட்ரேட் போட்ட பிளாஸ்மா. கண்ணாடி மணி போட்டு ஃபைப்ரின் எடுத்த ரத்தத்தில் உறைய எதுவும் மிஞ்சியிருக்காது. பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) 25-க்குக் கீழே போனால் சலைன் கலந்திருக்கலாம்.

ஆட்டுத்தொட்டி ரத்தம் தருபவர்களும் உண்டு. பொரியலுக்குச் சரி, அகருக்கு ஆகாது. கழுத்தை அறுக்கும்போதே தோலிலும் இரைப்பையிலும் உள்ள கிருமி கலந்துவிடும். உயிரோடு இருக்கும் ஆட்டின் கழுத்து ரத்தக் குழாயிலிருந்து ஊசி வழியாக எடுத்ததா என்று கேளுங்கள்.

எங்கள் சப்ளையரைப் போனில் கேட்டதற்கு, “ஆட்டுக்கு ஆடு மாறும் சார், வேற பாட்டில் அனுப்புறேன்” என்றார். கொடுத்த பணம் இன்னும் திரும்பி வரவில்லை. பில்லில் ‘லேப் கெமிக்கல்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்ததால் புகாருக்குப் பிடி இல்லை. ஆகவே எந்த விலங்கு, லாட் எண், ரத்தம் எடுத்த தேதி மூன்றும் பில்லிலேயே இல்லாவிட்டால் டெலிவரி எடுக்காதீர்கள்.

இப்படிப்பட்ட பாட்டில் வந்தால் சிங்க்கில் ஊற்றக் கூடாது. இரண்டை சீல் வைத்து ஃப்ரிட்ஜில் ஆதாரமாக வையுங்கள், மீதியை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி அழிப்பு) செய்யுங்கள். கழித்த ரத்தப் பை 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள் வகை (மஞ்சள் பையில் போக வேண்டிய கழிவு); அதை விற்பது சட்டவிரோதம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். ஏற்கெனவே அந்த லாட்டில் நெகட்டிவ் என்று போன தொண்டை ஸ்வாப் இருந்தால், அந்த டாக்டர்களை இன்றே கூப்பிட்டுச் சொல்லி மறுபடி சாம்பிள் வாங்குங்கள்.