ஆறரை மணிக்கு வரும் இராச் சாப்பாடு: கோவையில் ஒரு கேரியர் சேவை பற்றி

கோயம்புத்தூரில் சிங்காநல்லூருக்கும் ஒண்டிப்புதூருக்கும் இடைப்பட்ட பகுதியில், பெயர்ப்பலகை ஏதும் இல்லாமல் ஒரு வீட்டின் பின்கட்டில் நடக்கும் சமையற்கூடம் ஒன்று, காலைச் சாப்பாட்டையும் இராச் சாப்பாட்டையும் மாதச் சந்தா முறையில் எவர்சில்வர் கேரியரில் வீடு தேடிக் கொண்டுவந்து தருகிறது. இவ்வகைச் சேவைகளுக்குக் கோவையில் பஞ்சமில்லை. இதைத் தனியே எடுத்து எழுதக் காரணம் அதன் நேரக் கணக்கு. காலைக் கேரியர் ஏழரை மணிக்குள் வந்துவிடும். இராக் கேரியர் ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் வந்துவிடும். ஏழு மணிக்கு மேல் யார் கேட்டாலும், எவ்வளவு வற்புறுத்தினாலும், வீடுகளுக்கு அடுப்பிலிருந்து எதுவும் இறங்காது. நடத்துகிறவர்கள் ஐம்பதைத் தாண்டிய கணவன் மனைவி. அந்த அக்கா முன்பு ஒரு மில் கேண்டீனில் சமைத்தவர்; கணவருக்குச் சர்க்கரை நோய் வந்தபின் வீட்டில் கடைப்பிடிக்கத் தொடங்கிய முறையையே தொழிலாக்கிக்கொண்டார்கள். கேரியரைக் கையில் கொடுக்கும்போது அவர் தவறாமல் சொல்வது ஒன்றுதான்: "ஏழு மணிக்குள்ள சாப்பிட்டுப் போடுங்க கண்ணு, அப்பறம் எடுத்து வெச்சுக்காதீங்க."

சில மாதங்களாக வாங்கிச் சாப்பிட்டவன் என்ற முறையில் முதலில் ருசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலைச் சாப்பாடு கனமானது, மிக நன்றாகவும் இருப்பது. ராகிக் களியும் கீரைக் கடைசலும் ஒரு நாள், கம்மஞ்சோறும் தட்டப்பயறுக் குழம்பும் ஒரு நாள், நடுவில் அரிசிம்பருப்புச் சோறு என்று வாரம் சுழல்கிறது. அரிசிம்பருப்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாக விழுகின்றன. நெய் மட்டும் கணக்காகத்தான் விடுகிறார்கள் என்றாலும், பருப்பு குழையாமல் அரிசியோடு சேர்ந்து வெந்திருக்கும் பக்குவம் பெரிய உணவகங்களில் கிடைப்பதில்லை. இரவுக்குக் கொள்ளு ரசமும் கொஞ்சம் சோறும் ஒரு பொரியலும், அல்லது பச்சைப்பயறு கடைசலும் இரண்டு சோள தோசையும் வருகின்றன. அளவு வேண்டுமென்றே குறைவு. பழக்கமில்லாதவர்களுக்கு முதல் வாரம் ஒன்பது மணி வாக்கில் வயிறு கேட்கத்தான் செய்யும். குறை என்று சொன்னால், வாரத்தில் ஓர் இரவு சந்தகை என்னும் கொங்கு இடியாப்பத்துடன் வெல்லம் போட்ட தேங்காய்ப்பால் அனுப்புகிறார்கள். ருசியில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் சர்க்கரை நோயாளிகளை முன்னிறுத்தும் ஒரு சேவை மாவுச்சத்தும் வெல்லமும் சேர்ந்த உணவை இரவுக்கு ஒதுக்குவது அவர்கள் சொல்லும் தத்துவத்துக்கே முரணானது. அதைக் காலைக்கு மாற்றினால் போதும்.

ஏன் காலைக்கு என்பதில்தான் இந்தச் சேவையின் அடிப்படையே இருக்கிறது. நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு திரள் உடலின் தலைமைக் கடிகாரமாக வேலை செய்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு அது தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் கல்லீரல், கணையம், குடல், தசை ஆகிய ஒவ்வொன்றின் செல்களுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. சில மரபணுக்கள் புரதத்தை உண்டாக்க, அந்தப் புரதம் சேர்ந்து பெருகி அதே மரபணுக்களை அடக்க, பிறகு அது சிதைந்து மீண்டும் தொடக்கத்துக்கு வர, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறது. பழ ஈக்களில் இந்த இயக்கத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜெப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இங்கே நமக்கு வேண்டிய செய்தி, கல்லீரலின் கடிகாரம் வெளிச்சத்தைவிட உணவு வரும் நேரத்தைத்தான் பெரிதும் பின்பற்றுகிறது என்பது. மூளைக்கு இரவாகிவிட்ட பிறகு வயிற்றுக்குப் பரோட்டாவை அனுப்பினால், ஒரே உடலுக்குள் இரண்டு கடிகாரங்கள் இரண்டு நேரம் காட்டத் தொடங்குகின்றன.

அதோடு, இன்சுலின் சுரப்பும் அதற்கு உடல் இணங்கும் தன்மையும் பொதுவாகக் காலையில் மேலாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கின்றன. இரவு நெருங்கும்போது ஏறும் மெலடோனின் என்ற ஹார்மோன் இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்துகிறது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே உணவைக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் கொடுத்துப் பார்த்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்திய இரத்தச் சர்க்கரை இரவில் 17 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்தக் கேரியருக்கு இன்னும் நெருக்கமான சான்று 2020இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நலமான 20 பேர் ஒரு நாள் மாலை 6 மணிக்கும் இன்னொரு நாள் இரவு 10 மணிக்கும் ஒரே இராச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, இரண்டு நாளும் 11 மணிக்கே படுத்தார்கள். தாமதமாகச் சாப்பிட்ட நாளில் சர்க்கரையின் உச்சம் சுமார் 18 சதவீதம் உயர்ந்தது. இரவில் எரிந்த கொழுப்பின் அளவு சுமார் 10 சதவீதம் குறைந்தது. ஆறரை மணிக் கேரியருக்கு யாரேனும் விளம்பரம் எழுதுவதானால் இந்த ஒரு செய்தியே போதுமானது.

ஆனால் அவர்கள் அச்சடித்துத் தரும் துண்டறிக்கை அத்தோடு நிற்கவில்லை. "எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்தால் எவ்வளவு சாப்பிட்டாலும் எடை குறையும், சர்க்கரை தானாகவே மறையும்" என்று அதில் இருக்கிறது. யாரோ படித்த பிள்ளை எழுதிக் கொடுத்தது போலும். எட்டு மணி நேரக் கதையின் வேர், கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் சச்சிதானந்த பாண்டா குழுவினர் 2012இல் வெளியிட்ட சோதனை. கொழுப்பு மிகுந்த தீனியை எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் தின்ற எலிகள், அதே அளவு கலோரியை நாள் முழுதும் தின்ற எலிகளைப்போலப் பருக்கவில்லை. எலிக்கு நடந்தது மனிதர்க்கும் நடக்குமா என்று பார்த்தபோது விடை அவ்வளவு இனிப்பாக வரவில்லை. நண்பகல் 12 மணி முதல் இரவு 8 மணி வரை மட்டும் சாப்பிட்டவர்களை, மூன்று வேளையும் வழக்கம்போல் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டு 116 பேரிடம் 12 வாரம் நடத்திய அமெரிக்கச் சோதனை 2020இல் வெளிவந்தது. எடைக் குறைவில் இரு பிரிவினருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் கொண்ட 139 பேரை ஓராண்டு தொடர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கறாரானது. இரு பிரிவினருக்கும் கலோரிக் கட்டுப்பாடு ஒன்றே. ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டார்கள். அங்கும் நேரக் கட்டுப்பாட்டால் மட்டும் எடை கூடுதலாகக் குறையவில்லை. ஆகவே "எவ்வளவு சாப்பிட்டாலும்" என்ற சொற்களைத் துண்டறிக்கையிலிருந்து அடித்துவிட வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 2018இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 8 ஆண்களைக் காலையில் தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள், பிற்பகல் 3 மணிக்கு முன்பே, அன்றைய உணவு முழுவதையும் முடிக்கச் செய்து ஐந்து வாரம் பார்த்தார்கள். எடை குறையாதபடி உணவின் அளவைச் சரிக்கட்டியிருந்தும், இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை மேம்பட்டது, இரத்த அழுத்தமும் குறைந்தது. எட்டே பேர் என்பதால் இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. எனினும் நேரத்தால் வரும் பயன் எடை இயந்திரத்தில் தெரிவதைவிட இரத்தப் பரிசோதனைத் தாளில் தெரியக்கூடும் என்பதற்கு இது நல்ல குறிப்பு. இன்னொன்று: காலை ஏழரைக்கும் மாலை ஆறரைக்கும் இடையே பதினொரு மணி நேரம் இருக்கிறது. எட்டு மணி நேரம் என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் பதினொரு மணி நேர இடைவெளியில் கேரியர் அனுப்புகிறவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கையாளும் நேரம் குடும்பஸ்தர்களால் கடைப்பிடிக்கக் கூடியது; அறிக்கைதான் தேவையில்லாமல் பெரிதாகப் பேசுகிறது.

அந்த அக்கா விரும்பிச் சொல்லும் இன்னொரு வாதம், "அந்தக் காலத்துல விளக்கு வெக்கறதுக்குள்ள உண்டுபோட்டுப் படுத்துக்குவாங்க" என்பது. உண்மைதான். கொங்கு நாட்டில் இன்றும் விஜயமங்கலத்துக் கோயிலைச் சான்றாகக் காட்டி நிற்கும் சமண மரபும் பொழுது சாய்ந்தபின் உண்ணாமையை நோன்பாகவே வைத்திருக்கிறது. ஆனால் நம் தோட்டத்துப் பெரியவர்கள் சீக்கிரம் உண்டதற்கு விளக்கெண்ணெய்ச் சிக்கனமும் ஒரு காரணம். விடியுமுன் எழுந்து, மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த உடம்பு அது. அவர்கள் உண்ட நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உழைப்பை விட்டுவிட்டு, அதே பலனை எதிர்பார்ப்பது சரியன்று.

இந்தச் சேவையில் எனக்கு உடன்பாடே இல்லாத பகுதி, மில் தொழிலாளர்களுக்கென்று இராக் கேரியரோடு சேர்த்தே கட்டிக் கொடுக்கும் நள்ளிரவுப் பொட்டலம். கோவையின் நூற்பாலைகளில் அரை நைட், முழு நைட் என்று வேலை பார்ப்பவர்களும், சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் இரவெல்லாம் நிற்பவர்களும், திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரை மணிக்கு மேல் கம்பெனியை விட்டு வெளியே வருகிறவர்களும் சேர்ந்தால், கொங்கு மண்டலத்தின் உழைப்பில் பெரும்பகுதி அவர்களுடையதாகவே இருக்கும். அவர்களில் முழு நைட் பார்ப்பவர்களுக்கு இரவு ஒரு மணிக்குச் சாப்பிடும்படி சோறும் குழம்பும் வயிறு நிறையக் கொடுத்துவிடுகிறார்கள். 2021இல் பாஸ்டனிலிருந்து வெளிவந்த ஆய்வில், 19 இளைஞர்களை ஆய்வுக்கூடத்தில் இரவு வேலைக்கு ஒப்பான நிலையில் வைத்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரி இரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் உயர்ந்தது; அதே இரவு விழிப்பில் இருந்தும் பகலில் மட்டுமே சாப்பிட்டவர்களுக்கு அந்த உயர்வு இல்லை. தறியோடு நிற்பவரை வெறும் வயிற்றோடு நில் என்று சொல்லிவிட முடியாதுதான். வேலைக்குக் கிளம்புமுன் ஒரு முழுச் சாப்பாடு, நடுவில் மோரோ சுண்டலோ மட்டும், விடிந்து வீடு திரும்பியபின் அளவான காலைச் சாப்பாடு என்று பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்க இந்தச் சமையற்கூடத்தால் முடியும். கேட்டபோது, "கேக்கறாங்க, குடுக்கறோங்க" என்றார்கள். வீட்டுக்காரர்கள் ஏழு மணிக்கு மேல் கேட்டால் மட்டும் கொடுப்பதில்லையே!

விலை இருவேளைக்கும் சேர்த்து மாதம் 4,800 ரூபாய், ஞாயிறு விடுமுறை. பொருளைப் பார்த்தால் நியாயமான விலை. ரசக் கிண்ணத்தின் மூடி சரியாகப் பொருந்தாமல் தாரை தாரையாக வழிந்து சோற்றில் இறங்குவதை எத்தனை முறை சொல்லியும் மாற்றவில்லை. முகூர்த்த மாதங்களில் சமையலாள்கள் கல்யாண வேலைக்குப் போய்விடுவதால் கேரியர் ஏழே கால் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. நேரத்தை விற்கிறவர்களுக்கு அது சின்னக் குறை ஆகாது.

இதைவிடப் பெரிய விலை ஒன்றை வாங்குகிறவரே கொடுக்க வேண்டியிருக்கிறது. பள்ளி விட்டு, டியூஷன் முடித்துப் பிள்ளைகள் வீடு சேர எட்டு மணி. வியாபாரம் பார்ப்பவர் கடையடைத்து வர ஒன்பதரை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரே வேளை இராச் சாப்பாடு என்று இருக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் ஆறரைக்குத் தனியே உண்டுவிட்டு, மற்றவர்கள் சாப்பிடும்போது வெறும் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது சொல்லும் அளவுக்கு எளிதன்று. மாலையில் நண்பர்களோடு ரோட்டுக்கடைக் காளானுக்குப் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் கடினம். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கும், பிள்ளைகள் வெளியூரில் இருக்க இருவராக வாழும் பெரியவர்களுக்கும் இந்தக் கேரியர் இயல்பாகப் பொருந்துகிறது.

அந்தப் பெரியவர்கள் சேருமுன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், இன்சுலினைச் சுரக்கச் செய்யும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும், மருந்து நேரத்தை மாற்றாமல் சாப்பாட்டு நேரத்தை மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் முன்னே இழுத்தால், இரவில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோக வாய்ப்பிருக்கிறது. மருத்துவரிடம் புதிய நேரத்தைச் சொல்லி மருந்தைத் திருத்திக்கொண்ட பிறகே சந்தா கட்டலாம். துண்டறிக்கையில் இது பற்றி ஒரு வரியும் இல்லை. வாய்விட்டுக் கேட்டால் மட்டும் அந்த அக்கா சொல்கிறார்.

நான் அடுத்த மாதத்துக்கு இருவேளையும் கட்டிவிட்டேன். சந்தகையை மட்டும் காலைக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் மாதம் முழுவதற்கும் பணம் கட்டாமல் முதலில் ஒரு வாரத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம், கொடுக்கிறார்கள்.