கேம் பாயில் கறுப்புப் பட்டை: துப்புரவுப் பெட்டி வாங்கலாமா?

நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி கேம் பாய். அதன் திரையில் ஆட்டத்துக்குப் பதில் கறுப்புப் பட்டை மட்டும் வந்தால், பலரும் முதலில் தேடுவது துப்புரவுப் பெட்டியைத்தான். அப்படி இணையக் கடைகளில் பல பெயர்களில் விற்பது பெரும்பாலும் ஒரே சரக்குதான். கருவியின் ஓடு திறக்க மூன்று கிளை முனை ஸ்குரு டிரைவர், கேட்ரிட்ஜ் (ஆட்டம் அடங்கிய, செருகி எடுக்கும் பெட்டி) திறக்க 3.8 மில்லிமீட்டர் முனை, சின்ன பாட்டிலில் திரவம், பஞ்சுக் குச்சிகள், அழுக்கைச் சுரண்டும் கண்ணாடி இழைப் பேனா. இதில் காசு கொடுக்கத் தகுந்தவை அந்த இரண்டு முனைகளும்தான். திரவத்தைத் தனியாக வாங்குங்கள். பேனா பக்கமே போகாதீர்கள்.

பினாங்கு லோரோங் கூலிட் பழைய சந்தையில் 1989 மாடல் ஒன்றைப் பார்த்தால், விலை பேசும் முன் நான்கு ஏஏ பேட்டரி போட்டு, ஒரு கேட்ரிட்ஜைச் செருகி ஓட விட்டுப் பாருங்கள். திரையே கோளாறைச் சொல்லிவிடும். சுவிட்சைத் தள்ளியதும் உள்ளே உள்ள 256 பைட் தொடக்க நிரல், கேட்ரிட்ஜிலிருந்து நின்டெண்டோ சின்னத்தின் 48 பைட்களைப் படித்துத் திரையில் இறக்கும். பிறகு தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிடும். ஒரு பிட் பிசகினாலும் அங்கேயே நின்றுவிடும். கேட்ரிட்ஜிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்றால் எல்லா பிட்டும் 1 என்று படிக்கப்படும். அதுதான் மேலிருந்து இறங்கும் அந்தக் கறுப்புப் பட்டை. எழுத்து சிதைந்து வந்தால், கேட்ரிட்ஜும் கருவியும் தொடும் 32 உலோக முனைகளில் ஒன்றிரண்டு மட்டும் தொடவில்லை என்று பொருள். சிவப்பு விளக்கு எரிகிறது, திரை வெறுமை என்றால், முதலில் இடப்பக்கக் கான்ட்ராஸ்ட் சக்கரத்தைத் திருப்புங்கள். அதைப் பார்க்காமலே செத்த கருவி என்று மலிவாகத் தள்ளிவிடுபவர்கள் உண்டு.

ஆக, பட்டையும் சிதைந்த எழுத்தும் பெரும்பாலும் அழுக்குத் தொடர்புதான், செத்த சிப் அல்ல. நம் ஊர் ஈரக்காற்றில் பல வருடம் கிடந்த முனைகளில் படலம் படியாமல் இருந்தால்தான் அதிசயம். வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் சேரும். ஊதியபின் ஓடுவது, கழற்றிச் செருகியதில் முனைகள் உரசிக்கொண்டதால்தான்.

பெட்டியில் வரும் பாட்டிலில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்றே போடவில்லை. மருந்துக்கடை ஆல்கஹால் பெரும்பாலும் 70 சதவீதம், மீதி தண்ணீர், காய நேரமாகும். வேண்டியது 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். கோலாலம்பூரில் இருப்பவர்கள் மின்னணு உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜாலான் பாசாரில் கேட்டுப் பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குச்சியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கேட்ரிட்ஜ் முனைகளை நீளவாக்கில் மட்டும் துடையுங்கள். பஞ்சில் சாம்பல் கறுப்பு ஏறும். குச்சி வெள்ளையாகத் திரும்பும்வரை புதுக் குச்சி மாற்றிக்கொண்டே இருங்கள். கருவியின் செருகுவாய்க்குள் குச்சி நுழையாது. அதற்கு வழி, முனைகள் ஈரமாக இருக்கும்போதே கேட்ரிட்ஜைப் பத்து முறை செருகி எடுப்பது. ஒவ்வொரு மூன்று முறைக்கும் முனையைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் எடுத்த அழுக்கையே திரும்ப உள்ளே பூசுவீர்கள். பத்து நிமிடம் காயவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

சின்னம் சரியாக வந்தும், சுவிட்சில் விரல் பட்டாலே கருவி அணைந்து எரிகிறதா? பவர் சுவிட்சின் உள்ளே துரு. சுவிட்ச் இடுக்கில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு முப்பது முறை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கருவியின் ஓடு திறக்க வேண்டி வந்தால் இரண்டு பாதிகளையும் இணைக்கும் தட்டை கேபிள் இருக்கிறது, வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரியைத் தொடக்கக் கோளாறுக்காக மாற்றுவது வீண் வேலை. அது போனால் சேமித்த ஆட்டம்தான் அழியும், சின்னம் வழக்கம்போல் வரும்.

கண்ணாடி இழைப் பேனாவை ஏன் ஒதுக்கச் சொல்கிறேன் என்றால், அது அழுக்கோடு முனையின் தங்க முலாமையும் சுரண்டும். முலாம் போன இடத்தில் செம்பு வெளிப்பட்டு இன்னும் வேகமாகத் துரு ஏறும். உதிரும் இழை விரலில் தைத்தால் எரிச்சல் வேறு. ஸ்குரு டிரைவர் பற்றி ஒரே குறை: மூன்று கிளை முனை மென்மையான உலோகம். இறுகிய திருகில் மேலிருந்து நன்றாக அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் தேயாது.

பேட்டரிக் கூண்டில் வெள்ளை, பச்சைப் பொருக்கு இருந்தால் ஆல்கஹால் அதை அசைக்காது. அது ஆல்கலைன் பேட்டரி கசிந்த காரம். குச்சியில் வினிகர் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக் கரையும். அதன்பின் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். சுருளில் உலோகமே அரித்துப்போயிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, கூண்டுத் தகட்டை மாற்ற வேண்டியதுதான்.