தூத்துக்குடியில் ஒரு நவம்பர்: பேங்க் மாடிப்படியும் வாசலுக்கு வந்த தபால்காரரும்

சிங்கப்பூரில் வேலை முடிந்ததும் தூத்துக்குடிக்கே திரும்பிவிடலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக ஓடுகிறது. இந்த நவம்பரில் அம்மாவோடு இருக்க வந்தபோது அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ஊரைப் பார்த்தேன். வாகைக்குளத்து விமான நிலையத்தின் புது டெர்மினல் பற்றி எழுதலாம், மீன் பற்றி எழுதலாம், மழையில் குளமாகிப் போன எங்கள் தெரு பற்றி எழுதலாம். ஆனால் ஊரில் இருந்த நாட்களில் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது அம்மாவின் லைஃப் சர்டிபிகேட்தான், பென்ஷன் நிற்காமல் வர, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வருடாவருடம் கொடுக்க வேண்டிய சான்று. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

அப்பா உப்பு இலாகாவில் வேலை பார்த்தவர். மத்திய அரசு வேலை என்பதால் அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. நவம்பர் பிறந்தால் பென்ஷன்காரர் வீடுகளில் என்ன பரபரப்பு என்று உங்களுக்கே தெரியும். 80 வயது ஆனவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம், அம்மா இன்னும் அந்த வயதைத் தொடவில்லை. அப்பா இருந்தவரை அது ஒரு நல்ல நாள் மாதிரி நடக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார், இலாகாவில் கூட வேலை பார்த்தவர்களை அங்கேயே பார்த்துப் பேசுவார், மேனேஜர் எதிரில் கையெழுத்துப் போடுவார், திரும்பும்போது கால் கிலோ மக்ரூன் வாங்கி வருவார். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்த வாசனைதான் எனக்கு நவம்பர்.

அப்போது பேங்க் தரைத்தளத்தில் இருந்தது. இப்போது அதே கிளை வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது, முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே ஒரு மொபைல் கடை, ஒரு செருப்புக் கடை, நடுவில் ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய படிக்கட்டு. படி ஒவ்வொன்றும் நல்ல உயரம். கைப்பிடிக் கம்பி பாதி வழியில் திருப்பம் வருகிற இடத்தோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் வெறும் சுவர். அந்தச் சுவரில் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு கறுத்த பட்டை மேல்படி வரைக்கும் நீளமாக ஓடுகிறது. முதலில் ஈரம் என்று நினைத்தேன். அம்மா அதே இடத்தில் உள்ளங்கையை ஊன்றி ஊன்றி ஏறியபோதுதான் அது என்னவென்று புரிந்தது. மாதாமாதம் ஏறி இறங்குகிற பெரியவர்களின் கை பட்டுப் பட்டு வந்த கறை அது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

திருப்பத்தில் யாரோ புண்ணியவான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். அதில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார், மடியில் கேரி பேக்கில் சுற்றிய பென்ஷன் புத்தகம். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மேல ஆள் வந்துட்டாளான்னு பாத்துட்டு ஏறச் சொல்லுங்கம்மா. சும்மா ஏறி எறங்கி என்னத்துக்கு?"

ஆள் வந்திருந்தார். கைரேகையை ஆதாரோடு சரிபார்க்கிற மெஷின்தான் ஒத்துழைக்கவில்லை. அம்மா வலது கைப் பெருவிரலை வைத்தார், சிவப்பு விளக்கு எரிந்தது, எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், எடுக்கவில்லை. இடது கை, ஆள்காட்டி விரல், நடுவிரல், எதுவும் ஏறவில்லை. அம்மிக்கல்லும் துணிதுவைப்பும் பார்த்த கை, ரேகை தேய்ந்துதான் இருக்கும். கவுன்டரில் இருந்த பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் ஒருவனே இரண்டு கவுன்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மெஷின் எடுக்கலம்மா, நாளைக்குக் காலைல வெள்ளென வாங்க, பாப்போம்" என்றான். பேப்பர் ஃபாரத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பழைய வழி இருக்கிறதே என்று கேட்டேன். இப்போதெல்லாம் ஆன்லைன்தான் என்று பதில் வந்தது. மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் ஏறினோம். சர்வர் டவுன்.

எனக்கு ஆத்திரம் வந்தது இதற்காக: 70 வயது தாண்டியவர்களுக்கு லைஃப் சர்டிபிகேட் உட்பட அடிப்படை வேலைகளை வீட்டுக்கே போய்ச் செய்து கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே எல்லா வங்கிகளுக்கும் எழுதியிருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டேன். "சர்க்குலர்லாம் இருக்கும்மா, அனுப்ப ஆள் வேணும்லா?" என்றார்கள். ஆள் இல்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். நவம்பர் ஒரு மாதம் மட்டும் கீழே அந்த மொபைல் கடை ஓரமாக ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு, காலையில் ஒரு மணி நேரம் யாராவது வந்து உட்காரக்கூடாதா? மொபைல் கடைக்காரர் இடம் கொடுக்க மாட்டாரா என்ன? தூத்துக்குடிக்காரர் கண்டிப்பாகக் கொடுப்பார்.

சிங்கப்பூரில் நாங்கள் இருக்கிற பிளாக் பழசு. ஒரு காலத்தில் லிஃப்ட் சில மாடிகளில் மட்டுமே நிற்கும். 2001-ல் ஒரு மேம்பாட்டுத் திட்டம் கொண்டுவந்து, முடிந்த இடத்திலெல்லாம் சுவரை உடைத்து, புதிதாக லிஃப்ட் கட்டி, ஒவ்வொரு மாடியிலும் நிற்கிற மாதிரி செய்தார்கள். வயதானவர்கள் அரை மாடிகூட ஏறக்கூடாது என்று ஒரு அரசாங்கம் யோசித்துச் செலவு செய்த இடத்திலிருந்து வந்து, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்க்கிறேன். ஒப்பிடாதே என்று தங்கை சொல்கிறாள். எப்படி ஒப்பிடாமல் இருப்பது?

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆச்சி பூ கொடுக்க வந்தார். அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு அங்க போய் ஏறுதிய? தபால்காரத் தம்பிட்டச் சொன்னா வீட்டுக்கே வந்து எடுத்துக் குடுத்துருவாரே, நான் போன வருசமே அப்படித்தான எடுத்தேன்" என்றார். அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் பேங்க் 2020-லிருந்தே இதைச் செய்கிறது, கட்டணம் 70 ரூபாய், அங்கே கணக்கு இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. சிங்கப்பூரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இணையத்தில் தேடுகிற எனக்கு இது தெரியாது, தெருவை விட்டு அதிகம் நகராத ஆச்சிக்குத் தெரிந்திருக்கிறது. பேங்கில் யாரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

மறுநாள் தெருவுக்குள் வந்த தபால்காரரிடம் சொன்னோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது, கையில் போனும் சின்ன ரேகை மெஷினும் பிளாஸ்டிக் கவருக்குள். அம்மாவின் விரலை இங்கேயும் மெஷின் எடுக்கவில்லை. அவர் சளைக்கவில்லை. "விடுங்க ஆச்சி, மூஞ்சிய வச்சே எடுத்துருவோம்" என்றார். முகத்தை வைத்து ஆதாரில் சரிபார்க்கிற வசதி 2021-லிருந்து இருக்கிறது. அம்மா உடனே எழுந்துவிட்டார். "ஏட்டி, மூஞ்சியப் படம் எடுக்காங்கல்லா, இந்தச் சேலையோடயா இருக்க?" உள்ளே போய் நீலக் கரை போட்ட சேலை உடுத்தி, தலை வாரி, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் அந்த மனுசர் பொறுமையாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

கிழக்கு வெளிச்சம் முகத்தில் படுகிற மாதிரி அம்மாவைத் திருப்பி உட்காரவைத்து, போனை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, கண்ண மூடித் தொறங்க" என்றார். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சாமி கும்பிடுகிற மாதிரி இருந்துவிட்டார். "தொறக்கணும் ஆச்சி, சும்மா சிமிட்டுனாப் போதும்." அம்மா சிமிட்டினார். போனில் ஒரு பச்சை வட்டம் வந்தது. பென்ஷன் எண், பேங்க் கணக்கு எண்ணெல்லாம் அவர் முன்பே போட்டு வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போனுக்கு மெசேஜ் வந்துவிட்டது. 70 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை. கருப்பட்டிக் காப்பி மட்டும் குடித்தார். குடித்துக்கொண்டே கடைசி வீட்டு வாத்தியார் மதுரைக்கு மகள் வீட்டுக்குப் போயிருப்பதையும், அவர் இந்த மாதக் கடைசிக்குள் வரவில்லை என்றால் அங்கேயே எடுக்கச் சொல்ல வேண்டும் என்பதையும் அம்மாவிடம் சொல்லி, போன் நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சிங்கப்பூரில் சிங்பாஸ் என்ற அரசாங்க டிஜிட்டல் அடையாளம் இருக்கிறது, முகத்தைக் காட்டினால் எல்லா வேலையும் வீட்டிலிருந்தே முடிந்துவிடும். ஆனால் எங்கள் பிளாக்குக்குத் தபால் கொண்டுவருகிறவரின் முகம் எனக்குத் தெரியாது. கீழ்த்தளத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். என் கைரேகை தேய்ந்துபோகிற வயதில் எனக்கு யார் போனைப் பிடித்துக் காட்டுவார்கள் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

சரி, ஊரில் குடியிருப்பது பற்றி. பெரிய பெரிய விஷயங்கள் வேகமாக வருகின்றன. 2025 ஜூலையில் விமான நிலையத்தின் புது டெர்மினல் திறந்தாயிற்று, 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராகியிருக்கிறது. ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தார்கள். வேலைக்காகப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவது கொஞ்சமாவது குறையும் என்றால் அதைவிட எனக்கு என்ன சந்தோஷம்? ஆனால் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியில் போகிற பெண்பிள்ளைகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பேருந்து நிலையத்தை ஒட்டி நடைபாதை என்று ஒன்று இருக்கிறது, அதில் நடக்கத்தான் இடமில்லை.

தண்ணீர் எங்கள் ஊருக்கு எப்போதும் ஒரு வரலாறு. தோண்டினால் உவர்தான். குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்து, 1927-ல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்தார் என்று எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் சாமி பெயர் சொல்வது போலச் சொல்வார்கள். இன்றைக்கும் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தைப் பொறுத்துத்தான் அம்மாவின் நாள் ஆரம்பிக்கிறது. குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிற பழக்கத்தில் இருக்கிற எனக்கு அது கஷ்டம்தான்.

இன்னொரு பக்கம், 2023 டிசம்பர் 17, 18 என் நெஞ்சிலிருந்து போகாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள், தூத்துக்குடியில் தாழ்ந்த பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. போன் கிடைக்காமல் நான் சிங்கப்பூரில் பைத்தியம் பிடித்தவள் போல இருந்தேன். அம்மாவை மாடிக்கு ஏற்றி, சோறு கொடுத்து, பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு ஆச்சியின் பேரன். அதன்பிறகு எங்கள் தெருவில் வடிகால் வேலை நடந்திருக்கிறது, ஆனாலும் இந்த நவம்பரில் ஒரு நல்ல மழைக்கே தெருமுனையில் முழங்கால் தண்ணீர். வீடு வாங்குவதாக இருந்தால் மழைக்காலத்தில் வந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும், கோடையில் வந்து காற்றை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது.

காற்றைப் பற்றிச் சொன்னால் நான் நிறுத்த மாட்டேன். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புழுதியும் வெக்கையுமாகப் போட்டு வாட்டும். நவம்பரில் கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று வந்துவிடும். ரோச் பூங்கா பக்கம் அதிகாலையில் போய் நின்றால் ஏசி எதுவும் கிட்ட வராது. உப்பளங்களில் அம்பாரங்களைப் பனையோலையால் மூடி வைத்திருந்தார்கள். அப்பாவோடு சைக்கிளில் போனபோது பார்த்தது அப்படியே இருக்கிறது. சீலா மீன் விலை ஏறிவிட்டது, ஆனால் காலையில் பிடித்தது மத்தியானம் சட்டியில். ராத்திரி பொரித்த பரோட்டாவுக்கு இன்னும் அதே கூட்டம்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியை நினைத்துத் தயங்குகிறார். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருந்தாலும், பெரிதாக ஏதாவது என்றால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ ஓடுகிற பழக்கம் மாறவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் சொல்வது இதுதான்: வீடு தரைத்தளமாக இருக்க வேண்டும், அம்மா இருக்கிற தெருவிலேயே இருக்க வேண்டும், மேட்டில் இருக்க வேண்டும். அந்த மூன்றும் கிடைத்தால் நான் வந்துவிடுவேன்.

பேங்குக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கைப்பிடியை மேல்படி வரைக்கும் நீட்டுங்கள், நவம்பரில் கீழே ஒரு மேசை போடுங்கள் என்று இரண்டே கோரிக்கை. பென்ஷன் வாங்குகிற அப்பா அம்மா ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். ஆதார் அட்டை, பென்ஷன் புத்தகத்தில் இருக்கிற பிபிஓ எண் (ஓய்வூதிய ஆணை எண்), பேங்க் கணக்கு எண், மெசேஜ் வருவதற்கு ஒரு மொபைல், இவ்வளவு இருந்தால் போதும். பென்ஷன் வருகிற கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள். மாத ஆரம்பத்திலேயே தபால்காரரிடம் சொல்லிவைத்துவிடுங்கள், கடைசி வாரத்தில் ஊரே அவரைத் தேடும்.