ட்ரோன் தொலைந்தால் போனையும் ரிமோட்டையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்

மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிற ஆள் நான். போன ஐப்பசியில் 6,500 ரூபாயும் ஒரு ட்ரோனும் போனது. ட்ரோன் போனதில் பாதித் தப்பு என்னுடையது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பணம் போனது எப்படி என்று நம்ம மாவட்டத்து வீடியோக்காரர்கள் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பதிவு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, மாத்தூர் தொட்டிப்பாலம். மாப்பிள்ளையும் பெண்ணும் மேலே பாலத்தில், நான் கீழே பறளியாற்றங்கரையில். 115 அடி உயரத் தூண்களுக்கு நடுவே ட்ரோனை நுழைத்து, ஆற்றோடு போய், வளைவில் திரும்பி வர வேண்டும், அதுதான் ஷாட். வளைவு தாண்டியதும் திரை உறைந்தது. அப்புறம் ‘சிக்னல் இல்லை’. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ட்ரோன் வரவில்லை. பதற்றத்தில் ஆப்பை மூடித் திறந்தேன், மேப் வெறுமையாக இருந்தது. கடைசியாகக் கண்ணில் பட்ட திசையில் பத்து மணி வரை தேடிவிட்டு, ஆற்றில் விழுந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த ஜோடியின் காட்சிகள் எல்லாம் ட்ரோனில் இருந்த மெமரி கார்டில். சும்மா விட முடியாதே.

வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டதும் ஒருவர் நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் ஆளின் எண்ணைத் தந்தார். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்த பிறகு, கையில் டிஜேஐ என்ற சீனக் கம்பெனியின் ட்ரோன் வைத்திருக்கிற நாமெல்லாம் இப்படிப்பட்ட சின்னக் கடைகளை நம்பித்தான் இருக்கிறோம். திங்கட்கிழமை நேரில் போனேன். சீரியல் நம்பரை வைத்து சாட்டிலைட்டில் டிரேஸ் பண்ணலாம், முன்பணம் 2,500, ரிமோட்டும் பறக்கவிட்ட போனும் அக்கவுண்ட் பாஸ்வேர்டும் வேண்டும் என்றார். “உள்ள இருக்க பிளாக் பாக்ஸ் டேட்டாவ எடுக்கணும் அண்ணே, மூணு நாள் ஆகும்.” எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

செவ்வாயும் புதனும் நல்ல மழை. வியாழன் மாலை என் இன்னொரு போனில் அவர் கூப்பிட்டார்: லொகேஷன் கிடைத்துவிட்டது, 4,000 போடுங்கள். போட்டேன். மேப்பில் ஒரு பின் குத்திய படம் வந்தது. மேலும் கீழும் வெட்டிய படம். கூடவே அட்சரேகை, தீர்க்கரேகை, புள்ளிக்குப் பின்னால் மூன்றே இலக்கம். மூன்றாம் இலக்கம் ஒன்று மாறினால் தரையில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வெள்ளிக்கிழமை ஆள் கூட்டிப்போய் ஆற்றோரப் பாறைகளை எல்லாம் சலித்தோம். ஒன்றும் இல்லை. சனிக்கிழமை அவரே கூப்பிட்டார். யாரோ எடுத்துவிட்டார்களாம். எடுத்தவரின் மொபைலை டிரேஸ் பண்ண இன்னும் 5,000 வேண்டுமாம்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. ஞாயிறு காலையில் கடையில் போய் உட்கார்ந்து ரிமோட்டையும் போனையும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன் போனை வாங்கி ஆப்பைத் திறந்தான். புரொஃபைல் என்று ஒரு பக்கம், அதற்குள் ‘ஃபைண்ட் மை ட்ரோன்’. நான் 4,000 கொடுத்து வாங்கிய அதே பின் அங்கே நின்றது. “மாமா, இது உங்க போன்லயேதான இருக்கு?” மூன்று வருடமாகப் பறக்கவிடுகிறேன், அந்தப் பக்கத்தை நான் ஒருநாளும் தொட்டதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அவன் சொல்லித்தான் எனக்கே விளங்கியது. நம் ட்ரோனில் சிம் கிடையாது. ஜிபிஎஸ் ரேடியோப் பெட்டி மாதிரி, சாட்டிலைட் சொல்வதைக் கேட்கும், திரும்பிப் பேசாது. ட்ரோன் தன் இடத்தை ரிமோட்டுக்குச் சொல்லும், ரிமோட் போனுக்குச் சொல்லும், போன் எழுதி வைக்கும், அவ்வளவுதான். எனவே சிக்னல் அறுந்த பிறகு ட்ரோன் எங்கே போனது என்பது போனுக்கும் தெரியாது, நாகர்கோவிலில் உட்கார்ந்திருக்கிற எவருக்கும் தெரியாது. அந்தப் பின் காட்டுவது ட்ரோன் கடைசியாகப் பேசிய இடம். விழுந்த இடம் என்று நினைத்துக்கொண்டு நான் அங்கே பாறையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பறந்த கணக்கை அவன் ஓட்டிக் காட்டினான். கடைசி நொடியில் தூரம் 410 மீட்டர், உயரம் 24 மீட்டர். சிக்னல் போனால் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வா என்றுதான் செட்டிங் இருந்தது. திரும்பும் உயரம் 30 மீட்டர். முட்டம் கடற்கரையில் ஒரு ஷூட்டுக்கு வைத்தது, மாற்ற மறந்துவிட்டேன். கடற்கரையில் 30 போதும். இங்கே நான் கிளம்பியது ஆற்றங்கரைப் பள்ளத்தில், உயரமும் அங்கிருந்துதான் கணக்கு. வளைவுக்கும் எனக்கும் நடுவே ரப்பர் மரம் நிற்கிற குன்றுச் சரிவு. ட்ரோன் 30 மீட்டருக்கு ஏறி, நேர்கோட்டில் கிளம்பிய இடத்தைப் பார்த்து வந்து, அந்தச் சரிவில் மோதியிருக்கிறது. மேப்பில் பின்னுக்கும் கிளம்பிய இடத்துக்கும் ஒரு கோடு போட்டான். “இந்தக் கோட்டுலதான் மாமா கிடக்கும்.”

திங்கள் காலை அந்த ரப்பர் விளைக்குள் ஏறினோம். பால்வெட்டு முடித்து, சிரட்டைகளில் இருந்து பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அக்கா என்ன தேடுகிறோம் என்று கேட்டார். சொன்னோம்.

“போன ஞாயிறா? வண்டு இரையுத மாதிரி ஒரு சத்தம் கேட்டுது மக்கா. பொறவு டப்புன்னு என்னவோ விழுந்துது. தேங்காயோன்னு நெனச்சேன், பின்ன ரப்பருக்க நடுவுல ஏது தேங்கா? அந்தா, அந்தப் பாறைக்க அங்கோட்டு.”

பாறைக்குப் பின்னால் சருகுக்குள் குப்புறக் கிடந்தது. ஒரு கை ஒடிந்து ஒயரில் தொங்கியது. கேமரா முகத்தில் செம்மண் அப்பியிருந்தது, மோட்டாரைச் சுழற்றினால் மணல் அரைபட்டது. பேட்டரியைக் கழற்றியதும் ஒரு மடக்குத் தண்ணீர் வடிந்தது. மெமரி கார்டை மட்டும் துடைத்துக் காயவைத்தேன், பிழைத்துக்கொண்டது. மற்றதெல்லாம் அந்த இரண்டு நாள் மழையில் முடிந்துவிட்டது. ஞாயிறு அன்றே ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறியிருந்தால், பேட்டரியில் உயிர் இருந்த நேரத்தில் மறுபடி சிக்னல் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் ட்ரோனைக் கத்த வைக்க அதே பக்கத்தில் ஒரு பொத்தானும் இருக்கிறது. அந்த முதல் ஒரு மணி நேரத்தை ஆற்றைப் பார்த்துக்கொண்டே கழித்தேன். அடுத்த ஆறு நாள் போனும் ரிமோட்டும் அவருடைய கடையில் கிடந்தன.

இன்னொன்று. கொடுத்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றினேன். அது ஒருவர் கையில் இருந்தால், மேப்பில் உள்ள பின்னையும் பறந்த கணக்கையும் பார்த்து நமக்கு முன்னால் அவரே போய் எடுத்துக்கொள்ளலாம், அக்கவுண்டிலிருந்து ட்ரோனைக் கழற்றியும் விடலாம். என் விஷயத்தில் அவ்வளவு தூரம் நடக்கவில்லை. அவருக்கு மாத்தூர் வரை வர சோம்பலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து போனின் கேலரியைப் பார்த்தபோதுதான் அது கிடைத்தது. ஸ்கிரீன்ஷாட் ஃபோல்டரில் அந்தப் பின் படம், வெட்டாதது. நான் கடைக்குப் போன அதே திங்கள், நேரம் 11:41. போனை நான் அவர் கையில் கொடுத்தது 11:20 வாக்கில். மூன்று நாள் சாட்டிலைட் வேலை இருபது நிமிடத்தில் முடிந்திருக்கிறது. அழிக்க மறந்துவிட்டார், புண்ணியவான்.

1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். ஆன்லைனில் பணம் கொடுத்து ஏமாந்தால் அந்த எண்தான், உடனே கூப்பிடுவது நல்லது. புகார் நடப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, குழுவில் கேட்காதீர்கள்.

ட்ரோன் கிடைத்த செய்தி யார் மூலமோ அவர் காதுக்கும் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு: “நம்ம கொடுத்த லொகேஷன வெச்சுத்தான எடுத்தீங்க அண்ணே? பேலன்ஸ் 5,000 இருக்கு, பாத்துப் போடுங்க.”

அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் தேதி, நேரம் தெரிகிற மாதிரி அவருக்கே அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு அவருடைய படம் என் போனில் தெரிவதில்லை.