காட்ஃபேலா, அமீலியாவா? 20 நாவல் நீளும் தொடரில் எதைத் தொடங்கலாம்

வரலாறு, கொலை, காதல் மூன்றும் கலந்த ஆங்கில நாவல் தொடர் ஒன்றைத் தொடங்கலாம் என்று விசாரித்தால், பெரும்பாலும் இரண்டு பெயர்கள் முன்னால் வரும். ஒன்று எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதிய பிரதர் காட்ஃபேல், ஒரு துறவி துப்பறியும் தொடர். இன்னொன்று எலிசபெத் பீட்டர்ஸ் எழுதிய அமீலியா பீபாடி, எகிப்துக்குப் போகும் ஓர் ஆங்கிலப் பெண் துப்பறியும் தொடர். ஆசிரியர் பெயர்களில் குழப்பம் வருவது சகஜம். இரண்டு பேருக்கும் உறவு கிடையாது, இரண்டுமே புனைபெயர்கள். இரண்டு தொடரிலும் 20 நாவல்கள். இரண்டையும் படித்து முடித்துவிட்டேன், என் ஓட்டு காட்ஃபேலுக்கு. அமீலியா மட்டம் என்பதால் அல்ல. நீளமான தொடரை வைத்துப் பராமரிப்பது என்று ஒன்று இருக்கிறது, அதில் காட்ஃபேல் ஜெயிக்கிறார்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். எல்லிஸ் பீட்டர்ஸின் உண்மைப் பெயர் எடித் பார்கெட்டர். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர், இளம் வயதில் மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். நாவல்கள் 1977 முதல் 1994 வரை வந்தன. கதை 1137-க்கும் 1145-க்கும் இடையில், ஸ்டீபன் மன்னரும் பேரரசி மாட் (மட்டில்டா) என்பவரும் இங்கிலாந்து அரியணைக்காக அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போர்க் காலத்தில் நடக்கிறது. எலிசபெத் பீட்டர்ஸ் என்பவர் பார்பரா மெர்ட்ஸ். 1952-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எகிப்தியவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் தொடர் 1975-இல் தொடங்கியது, கதைக்காலம் 1884 முதல் 1923 வரை. எகிப்தில் வருஷா வருஷம் குளிர்காலத்தில் அகழாய்வு, கூடவே ஒரு கொலை. வரலாற்று விவரங்களில் இரண்டு பேரையும் குறை சொல்ல இடமில்லை. புதிரை மட்டும் பார்த்தால் இரண்டுமே நடுத்தரம்தான். பல கதைகளில் கொலையாளியைப் பாதியிலேயே யூகித்துவிடலாம்.

எனக்கு முடிவைத் தந்த விஷயம் வேறு. ஒரு நாவலைக் கையில் எடுக்கும்போது, அதற்கு முன்னால் வந்தவற்றில் எவ்வளவு நினைவில் இருக்க வேண்டும்? மூன்று நாவல் தொடருக்கு இந்தக் கேள்வியே எழாது. 20 நாவல் என்றால், நடுவில் வேலை வரும், வீட்டில் விசேஷம் வரும், ஆறு மாதம் புத்தகத்தையே தொட முடியாமல் போகும். திரும்பி வரும்போது கதை நம்மை உள்ளே விடுமா என்பதுதான் பிரச்சினை.

கொலைக்கு இதில் சிக்கல் இல்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் புதுப் பிணம், புது விசாரணை. காதல்தான் தொல்லை. காதலர்கள் சேர்ந்துவிட்டால் அந்தக் கதை முடிந்தது. சேராமல் இழுத்தால் வாசகர் பத்துப் புத்தகத்துக்கு அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும்.

பார்கெட்டர் இதற்கு அருமையான வழி கண்டுபிடித்தார். காட்ஃபேல் வேல்ஸ் நாட்டுக்காரர், இளமையில் சிலுவைப் போருக்குப் போனவர், கடலோடியாக இருந்தவர். நாற்பது வயதுக்கு மேல்தான் பெனடிக்ட் சபையில் துறவியானார். தொடர் தொடங்கும்போது அறுபதை நெருங்கிவிட்டார், ஷ்ரூஸ்பெரி மடாலயத்தில் மூலிகைத் தோட்டம் பார்த்துக்கொள்கிறார். அவருக்குக் காதல் கிடையாது, காதலிப்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு நாவலிலும் ஓர் இளம் ஜோடி, பெரும்பாலும் பையன் மீதுதான் கொலைப்பழி. கிழவர் மருந்துக் குடிலில் அவனை ஒளித்து வைப்பார், உண்மையைத் தோண்டுவார், கடைசிப் பக்கத்துக்குள் அந்த ஜோடி கரை சேர்ந்துவிடும். அடுத்த நாவல் சுத்தமான பலகையோடு தொடங்கும்.

எழுதி வைத்திருக்கும் நேர்த்திக்கு இரண்டாவது நாவலான 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி'யைச் சொல்ல வேண்டும். 1138-இல் ஸ்டீபன் ஷ்ரூஸ்பெரி கோட்டையைப் பிடித்து, உள்ளே இருந்தவர்களில் தொண்ணூறுக்கு மேற்பட்டோரைத் தூக்கிலிட்டது நடந்த சம்பவம். நாவலில் 94 பேர். உடல்களைக் கழுவி அடக்கம் செய்யும் வேலை காட்ஃபேலிடம் வருகிறது. எண்ணிப் பார்த்தால் 95. கூடுதலாக இருப்பவன் தூக்கில் சாகவில்லை, பின்னாலிருந்து மெல்லிய கயிறு போட்டு இறுக்கியிருக்கிறார்கள். மன்னர் கொன்றது நீதி என்ற பெயரில், இந்த ஒன்று மட்டும் கொலை. அத்தனை பிணங்களுக்கு நடுவில் ஒன்றை ஒளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவனை, ஒவ்வோர் உடலையும் மனிதனாக மதித்து எண்ணிய ஒரு துறவி பிடிக்கிறார். அந்த வரிசையில் தன் சகோதரனைக் காணும் ஆலின் என்ற பெண்ணும், ஆரம்பத்தில் எந்தப் பக்கம் என்றே புரியாத ஹ்யூ பெரிங்கரும் இந்த நாவலில்தான் அறிமுகம். பின்னாளில் ஹ்யூ மன்னர் சார்பில் அந்த மாவட்டத்தைக் கவனிக்கும் ஷெரிஃபாகிறார், காட்ஃபேலின் நெருங்கிய நண்பராகிறார். தொடர் முழுக்க நாம் நினைவில் வைக்க வேண்டிய உறவு ஏறக்குறைய இது ஒன்றுதான்.

துறவிக்கே காதல் நினைவு திரும்பும் நாவலும் உண்டு, மூன்றாவதான 'மங்க்ஸ்-ஹுட்'. மூட்டு வலிக்குத் தேய்க்க காட்ஃபேல் தயாரித்து வைத்த தைலத்தை யாரோ உணவில் கலந்துவிடுகிறார்கள். நம் ஊர் வச்சநாபி இனத்தைச் சேர்ந்த செடியின் வேர் அது, வெளிப்பூச்சுக்கு மருந்து, வயிற்றுக்குள் போனால் எமன். சாகக் கிடப்பவரின் பக்கத்தில் குனிந்ததும் அது தன் தைலம்தான் என்று காட்ஃபேலுக்குத் தெரிந்துவிடுகிறது. நிமிர்ந்தால் எதிரே அந்த மனிதரின் மனைவி ரிச்சில்டிஸ். நாற்பது வருஷத்துக்கு முன், போருக்குப் போகுமுன் காட்ஃபேலுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண். திரும்பி வருவார் என்று காத்திருந்து, வராமல் போனதால் வேறொருவரை மணந்தவள். அந்தச் சந்திப்பில் ஒரு சொட்டுக் கண்ணீர் விரயமாகவில்லை. தலை நரைத்த இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் மரியாதையை இவ்வளவு கண்ணியமாக எழுதியவர்கள் குறைவு.

இப்போது அமீலியா. தந்தை சொத்து வந்து சேர்ந்த, முப்பதைத் தாண்டிய, கல்யாணமே வேண்டாம் என்றிருந்த பெண் குடையும் கையுமாக எகிப்துக்குக் கிளம்புகிறாள். முதல் நாவலிலேயே எமர்சன் என்ற முன்கோபக்கார அகழாய்வாளரைக் கட்டிக்கொள்கிறாள். அவளே டைரியாக எழுதுவதால் நடை துள்ளுகிறது, சிரிப்புக்குப் பஞ்சமில்லை. வரிக்கு வரி எது சுவாரசியம் என்று கேட்டால் அமீலியா என்றே சொல்வேன். பார்கெட்டரின் ஆங்கிலம் கொஞ்சம் பழைய பாணி, முதல் முப்பது பக்கம் பொறுமை வேண்டும்.

ஆனால் அமீலியா தொடரில் காலம் ஓடுகிறது. குழந்தை ராம்செஸ் வளர்ந்து வாலிபனாகிறான். ஆறாவது நாவலில் நெஃப்ரெட் என்ற சிறுமி குடும்பத்துக்குள் வருகிறாள். அவர்கள் இருவரின் கதை பன்னிரண்டாவது நாவலான 'ஹீ ஷல் தண்டர் இன் த ஸ்கை'யில்தான் கனிகிறது. முதல் உலகப் போர் தொடங்கிய நேரத்துக் கெய்ரோ, அத்தனை வருஷம் அடக்கி வைத்த ஆசை. அந்த நாவல் தரும் நிறைவு காட்ஃபேலில் எந்த ஒரு புத்தகத்திலும் கிடைக்காது, இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதைத் தனியாக எடுத்துப் படித்தால் பாதி ருசிதான். வரிசையாக வர வேண்டும், பெயர்கள் நினைவிருக்க வேண்டும். போதாக்குறைக்குப் பிற்காலத்தில் மெர்ட்ஸ் நடுவில் விட்டுப்போன வருஷங்களுக்குத் திரும்பிப் போய் எழுதினார். பத்தொன்பதாவது நாவலின் கதை நடப்பது 1910-இல். இருபதாவதின் கதை 1912-இல், அதை 2013-இல் அவர் இறந்த பிறகு எழுத்தாளர் ஜோன் ஹெஸ் முடித்து 2017-இல் வெளிவந்தது. வெளியான வரிசையா, கதைக்கால வரிசையா என்று உட்கார்ந்து அட்டவணை போட வேண்டியிருக்கிறது. பழைய புத்தகக் கடையில் கிடைத்ததை வாங்கிப் படிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. காட்ஃபேலில் கைக்கு வந்ததை வாங்கலாம்.

இன்னொன்றும் உறுத்தும். 1882 முதல் பிரிட்டிஷ் பிடியில் இருந்த எகிப்தை ஓர் ஆங்கிலச் சீமாட்டியின் வாயால் கேட்கிறோம். அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டில் பிறந்த நமக்கு ஆரம்ப நாவல்களின் சில பக்கங்கள் கசக்கும். மெர்ட்ஸ் இதை அறிந்தே எழுதினார் என்று நினைக்கிறேன். பத்தாவது நாவலில் டேவிட் என்ற எகிப்திய இளைஞன் அமீலியாவின் குடும்பத்துப் பெண்ணைக் காதலிக்கும்போது, முற்போக்குப் பேசிய அமீலியாவே முதலில் எதிர்க்கிறாள். தன் மனதில் இத்தனை காலம் என்ன கிடந்தது என்று அங்கேதான் பார்க்கிறாள். அந்தப் பகுதி தொடரின் நேர்மைக்குச் சாட்சி.

காட்ஃபேலிடமும் குறை உண்டு. அடுத்தடுத்து நான்கைந்து படித்தால் வார்ப்பு தெரிந்துவிடும். பெண் அழகி, துணிச்சல்காரி, பையன் நிரபராதி. மாதம் ஒன்று என்று இடைவெளி விட்டுப் படித்தால் இது பெரிதாகத் தெரியாது.

மூன்றாவதாக லிண்ட்ஸி டேவிஸின் ஃபால்கோ தொடரையும் சிலர் சொல்வார்கள். பேரரசர் வெஸ்பாசியன் காலத்து ரோமாபுரி, 1989 முதல் 2010 வரை அதுவும் 20 நாவல்கள். ஃபால்கோ சாதாரணத் துப்பறிவாளன், ஹெலனா செனட்டர் மகள். அவளை முறைப்படி மணக்க அவன் அந்தஸ்தில் ஏற வேண்டும், அதற்கு நான்கு லட்சம் செஸ்டர்சஸ் (அன்றைய ரோமானிய நாணயம்) சொத்து காட்ட வேண்டும். காதலுக்கு நடுவில் பணக் கணக்கு வருவது நன்றாகவே இருக்கிறது. ஆனால் முதல் சில நாவல்களுக்கு மேல் நான் போகவில்லை, அதனால் பின்பகுதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

காட்ஃபேலைத் தொடங்குவதென்றால் முதல் நாவலை விட்டுவிட்டு 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி'யில் ஆரம்பியுங்கள், அப்புறம் 'மங்க்ஸ்-ஹுட்'. அதற்குப் பிறகு எந்த வரிசையானாலும் சரி, ஒரே ஒரு விதிவிலக்கு. கடைசி நாவலான 'பிரதர் காட்ஃபேல்ஸ் பெனன்ஸ்' கையில் கிடைத்தாலும், 'த வர்ஜின் இன் த ஐஸ்' படிக்காமல் அதைத் திறக்காதீர்கள்.